மிச்சம் வைக்காத இயந்திரம்

ஊத்துப்பாளையத்துக்காரர்கள் அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் கடுகு மிசின். வாசுகி அதற்கு வேறொரு பெயர் வைத்திருந்தாள். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நீளப் பெயர் காப்புரிமைக் காகிதத்தோடு நின்றுவிட்டது. கண்ணாடிக் குழாய்க்குள் கடுகு அளவில் மணிமணியாக எதையோ நிரப்பி, மேலே செத்த ஆசிட்டை ஊற்றினால் கீழே புது ஆசிட் வருகிறது என்று கண்ட முதல் ஷிப்ட் ஆட்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கேட்கக் கேட்க அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று.

எவர்சில்வர் தகடு உருட்டுகிற ஆலை அது. உலையிலிருந்து வரும் தகடு கன்னங்கரேலென்று செதில் பிடித்துத்தான் வரும். ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்தால்தான் நம் வீட்டுத் தட்டிலும் டம்ளரிலும் பார்க்கிற வெள்ளைப் பளபளப்பு வரும். ஆனால் ஒவ்வொரு முறை முக்கும்போதும் தகட்டிலிருந்து கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் நிக்கல் ஆசிட்டில் கரைந்துகொண்டே போகும். கரையக் கரைய ஆசிட்டின் வேகம் அடங்கிவிடும். அதைச் செத்த ஆசிட் என்பார்கள். செத்த ஆசிட்டில் சுண்ணாம்பைக் கொட்டி அடக்கி, மிஞ்சிய சேற்றை ஆலைக்குப் பின்னால் குழி வெட்டிக் கொட்டிவந்தார்கள். மழைக்காலத்தில் குழிகள் வழிந்து பச்சையும் மஞ்சளுமாய் ஒரு தண்ணீர் ஓடைக்கு இறங்கும். ஆடுகள் அதை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

இந்தக் கதையைத்தான் வாசுகி மாற்றினாள். அவள் அந்த ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பொறியாளர். வீடும் ஆலைக்குப் பக்கத்துத் தெருவில்தான். அக்கா கோமதியும் அக்காவின் கணவர் அர்த்தநாரியும் கீழே குடியிருந்தார்கள். மாடி அறை இவளுக்கு. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது ஊர் என்னென்னவோ பேசியது. அக்கா மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் மாடிக்குத் தண்ணீர்க் குழாய் இழுத்துக் கொடுத்தாள்.

அர்த்தநாரி ஆசிட் தொட்டிப் பிரிவில் மேஸ்திரி. முதல் முறை குழாய்களைப் பொருத்திய அன்று அவர்தான் வாசுகிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இதென்ன அம்மிணி, வடிகட்டியா?"

"வடிகட்டி கண்ணுக்குத் தெரியற கசடத்தான் நிறுத்தும் மாமா. இது கரைஞ்சு போனதையே புடிக்கும். இந்தக் குழாய்க்கு நிக்கல மட்டுந்தான் அடையாளம் தெரியும். அந்தக் குழாய்க்குக் குரோமியம் மட்டும்."

"புடிச்சு என்ன பண்ணும்?"

"வெச்சிருக்கும். வேற தண்ணிய விட்டுக் கழுவுனா திருப்பிக் குடுத்துரும். உலோகம் உலைக்குப் போயிரும், ஆசிட் தொட்டிக்கே வந்துரும். சேறு கிடையாது. குழி கிடையாது. மிச்சம்னு ஒண்ணுமே இருக்காது."

அர்த்தநாரி குனிந்து, கீழே சொட்டிய ஆசிட்டை மூக்கால் உணர முயன்றார். அவருக்கு வாசனை போய் வெகுநாளாகியிருந்தது. மூக்குத் தண்டில் சின்னதாக ஓர் ஓட்டை. மூச்சு விடும்போது மெல்லிய சீழ்க்கைச் சத்தம் கேட்கும். தொட்டிப் பிரிவில் பாதிப் பேருக்கு அது உண்டு. ஆவி அரித்த ஓட்டை. அதை வைத்து ஒருவரையொருவர் கேலி பேசிக்கொள்வார்கள்.

அடுத்த மழைக்கு ஓடையில் தெளிந்த தண்ணீர் ஓடியது. பத்திரிகைக்காரர்கள் வந்து வாசுகியை ஓடைக்கரையில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். முதலாளி மோகனசுந்தரம் நேரில் வந்து, "உங்களால எங்க ஆலைக்கே மரியாதை வந்துச்சுங்க அம்மிணி" என்றார். பெரிய மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அவர் கண்கலங்கியதை வாசுகி பார்த்தாள். அந்தக் கண்ணீர் பொய் என்று அவளால் பின்னாளிலும் நினைக்க முடியவில்லை.

தொட்டியில் இனிச் சேராத உலோகம், இத்தனை வருட ஆவியில் ஆட்களின் உடம்பில் சேர்ந்திருந்தது. அர்த்தநாரிக்கு முகம் வீங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் இளைத்தது. சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது என்றார் நகரத்து மருத்துவர். அன்று பேருந்தில் திரும்பி வரும்போது, தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தபடி வாசுகி நினைத்தாள்: ரத்தமும் ஒரு திரவம்தானே.

மணிகளை ரத்தத்துக்கு ஒத்துப்போகும்படி மாற்ற அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. மருத்துவமனை ஒன்று துணைக்கு வந்தது, அனுமதியும் கிடைத்தது. செலவை ஆலை ஏற்றுக்கொண்டது. கையிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியே போய், மணிகளின் நடுவே ஊர்ந்து, மறு குழாய் வழியே உடம்புக்குத் திரும்பும். எலும்பிலும் ஈரலிலும் தங்கியிருப்பதும் அடுத்தடுத்த தடவைகளில் மெல்ல ரத்தத்துக்கு இறங்கி வந்து மணிகளில் மாட்டிக்கொள்ளும். வருவது நின்றதும் இயந்திரத்தின் திரையில் 'முடிந்தது' என்று வரும்.

மோகனசுந்தரம் தொட்டிப் பிரிவின் எல்லா ஆட்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும் சேர்த்து, இலவச முகாம் நடத்தலாம் என்றார். வாசுகிக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

முகாமுக்கு முதல் நாள் அர்த்தநாரி மாடிக்கு ஏறி வந்தார். ஏறிய இளைப்பு அடங்கும்வரை கட்டில் முனையில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, டெல்லில ஏதோ சட்டம் வருதாமா. ஆலை விஷத்துல சீக்கு வந்தவங்களுக்கு ஆலையே ஆயுசுக்கும் வைத்தியம் பாக்கோணும், குடும்பத்துக்கு ஈடு குடுக்கோணும்னு. அது வந்ததும் கேஸு போடலாம்ங்கறாங்க நம்ம ஆளுங்க. அதுக்கு முன்னால இதப் பண்ணிக்கலாமா?"

"ஏன் மாமா, பண்ணுனா என்ன?"

"தெரியல. மனசுல ஏதோ உறுத்துது. அதான் உன்னக் கேட்டுப் போலாம்னு வந்தேன். நீ சொன்னாச் சரி. மத்தவங்களும் நீ சொன்னா வந்துருவாங்க."

வாசுகி சிரித்தாள். "உடம்புல விஷத்த வெச்சுக்கிட்டு கேஸ நடத்தி என்ன மாமா பண்ணப் போறீங்க? மொதல்ல அது வெளிய வரட்டும்."

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் வரிசையில் முதல் ஆளாக நின்றார். அவருக்குப் பின்னால் தொட்டிப் பிரிவு முழுவதும் நின்றது.

முகாமில் ஒரே ஒரு சிக்கல் வந்தது. உலோகம் ஏறிய மணிக்குழாய்களை என்ன செய்வது? மருத்துவக் கழிவாகப் புதைத்தால் மறுபடி மண்ணுக்குள் விஷம். அதற்கு வாசுகிதான் வழி சொன்னாள். ஆலையில் ஏற்கெனவே கழுவும் வரிசை இருக்கிறது. தொட்டிக் குழாய்களோடு இவற்றையும் சேர்த்துக் கழுவிவிட்டால் உலோகம் உலைக்குப் போய்விடும். துளி வீணாகாது, துளி வெளியே போகாது. மோகனசுந்தரம் அதைக் கேட்டு, "அருமையான யோசனைங்க" என்றார். ஒவ்வொருவர் குழாயையும் தனியாகக் கழுவி அளந்து பெயர் எழுதி வைக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தொட்டிக்காகச் செய்த வரிசை அது. தொட்டிக்குப் பெயர் எதற்கு?

உலோகம் போயிற்று. சேதம் போகவில்லை. மூக்கு ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. தழும்பேறிய சிறுநீரகம் தழும்பாகவே இருந்தது. இனிமேல் மோசமாகும் வேகம் குறையும் என்று மட்டும்தான் மருத்துவரால் சொல்ல முடிந்தது. அர்த்தநாரி அதற்கே நன்றி சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போய்வர ஆரம்பித்தார்.

சட்டமும் வந்தது. இருமுகிறவர்கள் எல்லாம் ஆலைமேல் வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று அதில் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். வழக்குப் போடுகிறவர் உடம்பில் அந்த ஆலையின் உலோகம் இன்ன அளவுக்குமேல் இருக்க வேண்டும். தீர்ப்பாயத்தின் மருத்துவரே ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். தொட்டிப் பிரிவு ஆட்கள் ஒன்றுசேர்ந்து மனுப் போட்டார்கள். அவர்களுக்காக ஜெயந்தி என்ற வக்கீல் வாதாடினார். தீர்ப்பாயத்தின் மருத்துவர் எல்லாருடைய ரத்தத்தையும் எடுத்தார். எல்லாம் குழந்தையின் ரத்தம்போல் சுத்தமாக இருந்தது.

வாசுகியைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டது ஆலைத் தரப்பு. அவர்களுடைய வக்கீல் மெல்லிய குரலில் பேசும் ஒரு நடுவயதுப் பெண்மணி.

"நீங்க உருவாக்கின இயந்திரம் ஒழுங்கா வேலை செய்யுங்களா, மேடம்?"

"செய்யும்."

"மனுதாரர்கள் எல்லாருக்கும் அதில்தான் சிகிச்சை நடந்தது?"

"ஆமா."

"அப்படின்னா இன்னைக்கு இவங்க உடம்பில் குரோமியமோ நிக்கலோ இருக்க வழி உண்டா?"

வாசுகி பின்வரிசையைப் பார்த்தாள். அர்த்தநாரி அங்கே வெள்ளைச் சட்டை போட்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோமதி.

"இல்லைங்க. ஆனா இருந்துச்சு."

"எவ்வளவு இருந்தது? அர்த்தநாரி என்கிற மனுதாரர் உடம்பிலிருந்து எவ்வளவு எடுத்தீங்கன்னு சொல்ல முடியுமா?"

"தனித்தனியா அளக்கல."

நீதிபதி குறுக்கிட்டார். ஆதரவாகத்தான் கேட்டார். "எடுத்த உலோகம் எங்கேயாவது இருக்குமே அம்மா. அதைக் கொண்டுவந்து காட்டினால்கூடப் போதும்."

"அது உலைக்குப் போயிருச்சுங்க ஐயா."

"எந்த உலைக்கு?"

"ஆலையோட உலைக்கு. தகடாயிருக்கும்."

யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அன்று யார் வீட்டு அடுப்பங்கரையில் எந்தத் தட்டில் தன் மாமாவின் ரத்தத்திலிருந்து வந்தது பளபளத்துக்கொண்டிருக்கிறதோ என்று வாசுகி நினைத்தாள். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், அதுவும் எவர்சில்வர்தான்.

புதிதாக ஆதாரம் இருந்தால் கொண்டுவரலாம் என்று அவகாசம் கொடுத்து வழக்கை ஒத்திவைத்தார்கள். திரும்பி வரும் பேருந்தில் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"நீ பொய்யா சொல்ல முடியும்? விடு அம்மிணி" என்றார் அர்த்தநாரி ஊர் நெருங்கியபோது. அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாமாவின் நிலைமை இறங்கிக்கொண்டே போனது. தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று கோமதி கிளம்பினாள். ரத்த வகை ஒத்துப்போனது. மற்ற சோதனைகளுக்காக நகரத்து மருத்துவமனைக்கு அக்காவோடு வாசுகி போனாள். முடிவு வந்த அன்று மருத்துவர் கோமதியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு வாசுகியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இவங்ககிட்ட இருந்து எடுக்க முடியாது. இவங்களுக்கே ரெண்டும் பழுதாக ஆரம்பிச்சிருக்கு. ரத்தத்துல நிக்கல், குரோமியம் ரெண்டும் அதிகம். இவங்களும் தொட்டிப் பக்கம் வேலை பார்த்தாங்களா?"

"இல்லைங்களே. அக்கா ஆலை வாசல்கூட மிதிச்சதில்ல."

வெளியே வந்து அக்காவிடம் சொன்னபோது கோமதி வெகுநேரம் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சட்டைய நாந்தான தொவச்சேன்" என்றாள்.

"என்னக்கா?"

"ஆலைல தொவைக்கறதுக்கு ஆளா வெச்சிருந்தாங்க? தெனமும் அவிய வந்து சட்டையக் கழட்டிப் போட்டா, நான் ஊற வெச்சுக் கல்லுல அடிப்பேன். தண்ணி மஞ்சளாப் போகும். கையெல்லாம் அரிக்கும். சோப்பு சேரலையாட்ட இருக்குதுன்னு சோப்ப மாத்துவேன். நான் மட்டுமா? எல்லா வீட்டுலயும் அதான்."

இயந்திரத்துக்குள் எது எங்கே போகும் என்று ஒவ்வொரு சொட்டுக்கும் வழி வரைந்தவள் அவள். மாமாவின் சட்டை எங்கே போகும் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுடைய ஆய்வுக்கூட அங்கியையும் அக்காதான் துவைத்துவந்தாள்.

"நாளைக்கே உன்ன மிசின்ல போட்டுர்றேன்க்கா. இப்பவே எடுத்துட்டா உன்ற கிட்னி பொழச்சுக்கும். இன்னும் கொஞ்ச நாள் போனா—"

"இரு." கோமதி கை காட்டி நிறுத்தினாள். "அப்ப கோர்ட்டுல கேட்டாங்களே, அது என்ற ரத்தத்துல இருக்குதா?"

"இருக்குது."

"அவிய சொன்ன அளவுக்கு?"

வாசுகி கையிலிருந்த சோதனை முடிவை மடித்துப் பைக்குள் வைத்தாள். கோமதிக்கு அதுவே போதுமாயிருந்தது.

அன்று சாயங்காலம் வக்கீல் ஜெயந்தி வீட்டுக்கு வந்தார். ஒரு குப்பியில் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு உடம்பைச் சுத்தம் செய்துவிட்டால் போதாதா என்று வாசுகி கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

"செல்லாது மேடம். தீர்ப்பாயத்து டாக்டர் எடுக்கணும். ஒரு தடவை எடுத்ததும் ஆலைக்காரங்க ஆட்சேபணை பண்ணுவாங்க, மறுபடி எடுக்கச் சொல்லுவாங்க. மேல்முறையீட்டுல இன்னொரு தடவை. கேஸ் முடியறவரைக்கும் அது உடம்புல இருந்தாகணும்." ஜெயந்தி கோமதியைப் பார்த்தார். "வருஷக்கணக்குல ஆகலாம்க்கா. நான் உங்களச் சொல்ல மாட்டேன். நீங்க முடியாதுன்னா, நான் இங்க வந்ததாவே நெனச்சுக்க வேண்டாம்."

அர்த்தநாரி குரலை உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்று உயர்த்தினார். "எனக்காக எவளும் சாக வேண்டாம்! கேஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"உங்களுக்காகன்னு யாரு சொன்னது?" என்றாள் கோமதி. "நான் தொவச்சதுக்கு ஒரு கேள்வி வேண்டாமா?"

"அக்கா, மருந்து என்ற கையில இருக்குதுக்கா" என்றாள் வாசுகி. "உன்ன இப்புடி வெச்சுக்கிட்டு நான் எப்புடிக்கா மாடியில தூங்கறது?"

"நீ மருந்துன்னு சொல்லித்தான அன்னைக்கு எல்லாரும் வரிசைல நின்னாங்க." கோமதி கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்தது அக்காவின் வேலை. அவள் ரேஷன் கடை வரிசையில் பேசினாள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும்போது பேசினாள். தொட்டிப் பிரிவு ஆட்களின் பெண்டாட்டிகள் ஒவ்வொருவராக நகரத்துக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் இருந்தது. ஜெயந்தி புது மனுவில் அவர்கள் பெயர்களைச் சேர்த்தார்.

செய்தி ஆலைக்கும் போயிற்று. ஒரு வாரத்துக்குள் வாசுகியை மோகனசுந்தரம் கூப்பிட்டார். வயது ஏறியிருந்தது அவருக்கு. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"வீட்டுப் பொம்பளைகளுக்கும் முகாம் போட்டுருவமுங்க. செலவப் பத்திக் கவலையில்ல. உங்க அக்காளையும் கூட்டிட்டு வாங்க அம்மிணி. பாவம், அவங்க எதுக்குக் கஷ்டப்படோணும்?"

அவர் முகத்தை வாசுகி தேடித் தேடிப் பார்த்தாள். அதில் இரக்கம் இருந்தது. இரக்கத்துக்கு அடியில் வேறு என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க அவளிடம் மணிகள் எதுவும் இல்லை.

"முடியாதுன்னு சொன்னா?"

"வேற ஆள வெச்சு நடத்துவாங்க. எங்க வக்கீலுக சொல்லிட்டாங்க. நீங்க இருந்தா நல்லாப் பாத்துக்குவீங்களேன்னுதான்."

அவள் ஒப்புக்கொண்டாள். அதற்காக ஊரில் அவளோடு பேசுவதை நிறுத்தியவர்கள் உண்டு. யாராவது ஒருத்தி உயிருக்குப் பயந்து வந்து நின்றால் அவளை நல்ல கைதான் தொட வேண்டும் என்று நினைத்தாள். வேறொரு நினைப்பும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா மனம் மாறி வந்துவிட மாட்டாளா என்பதுதான் அது. அக்கா வந்தால் வழக்குத் தோற்கும். தோற்கட்டும் என்று அவள் மனம் சொன்னது. அப்படி நினைத்ததற்காக அவள் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே காத்திருந்தாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வரிசையாக இயந்திரங்கள், வெள்ளை விரிப்பு விரித்த சாய்வு நாற்காலிகள், மின்விசிறிகள். வந்தவர்களுக்குக் கொடுக்க ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா அடுக்கி வைத்திருந்தது. நர்ஸ்கள் கையுறை மாட்டித் தயாராக உட்கார்ந்தார்கள். காலை போயிற்று. மதியம் வந்தது. நர்ஸ்கள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கதை பேச ஆரம்பித்தார்கள். ஒரு பெண்கூட வரவில்லை. மைதானத்துக்கு அப்பால் ரோட்டில் அவர்கள் வழக்கம்போல் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். காய் வாங்கினார்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். பந்தல் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கப் பார்க்க வாசுகிக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒருத்தி எங்கோ தன் உடம்புக்குள் அதைச் சுமந்துகொண்டு நடக்கிறாள்.

வெயில் தாழ்ந்தபோது பந்தல் வாசலில் கோமதி நின்றாள்.

வாசுகி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "அக்கா!"

கோமதி தனியாக வரவில்லை. அவளுக்குப் பின்னால் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றாள். தொட்டிப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த ஒருவனின் மனைவி, பெயர் தாமரைச்செல்வி. ஏழாம் மாதம்.

"இவ வர மாட்டேன்னா. நாந்தான் இழுத்துட்டு வந்தேன்" என்றாள் கோமதி. "இவளுக்கு மட்டும் எடுத்துவிடு."

"எல்லாரும் இருக்கறப்ப நான் மட்டும் எப்புடிங்க்கா?" என்று அந்தப் பெண் அழுதாள்.

"நீ வெச்சிருந்தாச் சரி. வயித்துல இருக்கறதுமா சாட்சி சொல்லோணும்? படு."

வாசுகி ஊசியைச் செருகினாள். ரத்தம் குழாயில் ஏறி மணிகளுக்குள் இறங்கியது. கோமதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துவிட்டபடி இருந்தாள். உட்கார்ந்திருந்தது காலி இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலி. ஊசியும் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

"நீயும் போட்டுக்கக் கூடாதாக்கா?" என்று வாசுகி காதோடு காதாகக் கேட்டாள்.

கோமதி அந்தப் பெண்ணின் மறுகாலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். அன்றைய வேலை முடிந்ததும் அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். டப்பாவை இருவரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாளே வாசுகி ஆலை வேலையை விட்டாள். ஜெயந்தியின் பக்கம் சாட்சியாகச் சேர்ந்தாள். அந்தப் பெண்களின் ரத்தத்தில் இருக்கும் நிக்கலும் குரோமியமும் எந்தக் கணக்கில் கலந்திருக்கின்றன, அது எப்படி அந்தத் தொட்டிகளின் கணக்கோடு மட்டுமே பொருந்துகிறது என்று சொன்னாள். ஆலை வக்கீல் மெல்லிய குரலில் ஒரே ஒரு வாதத்தைத்தான் திரும்பத் திரும்ப வைத்தார்: சட்டம் தொழிலாளிக்குத்தான், இவர்கள் தொழிலாளிகள் அல்ல. அதிலேயே வருடங்கள் ஓடின. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெண்கள் ஒரு வேன் பிடித்துப் போய், சேலையை ஒதுக்கி முழங்கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். போகப்போக வேனில் இடம் தாராளமாகிக்கொண்டே வந்தது.

அர்த்தநாரி தீர்ப்பைப் பார்க்கவில்லை. ஒரு ஐப்பசி அடைமழையில் போய்ச் சேர்ந்தார். சாவதற்கு முந்தின வாரம்கூட, "உங்க அக்காளுக்கு எடுத்துவிட்டுரு அம்மிணி" என்று வாசுகியிடம் சொன்னார். காரியம் முடிந்த கொஞ்ச நாளில் கோமதிக்கும் டயாலிசிஸ் ஆரம்பித்தது. கூட வருகிறேன் என்று வாசுகி கிளம்பும்போதெல்லாம் வேண்டாம் என்றுவிடுவாள். கூட வந்தால் வழியெல்லாம் தங்கை கெஞ்சுவாள் என்று அவளுக்குத் தெரியும். கெஞ்சினால் தான் இளகிவிடுவோமோ என்ற பயமும் இருந்திருக்கலாம். தாமரைச்செல்வியைத்தான் கூட்டிக்கொண்டு போவாள். மாடி அறையின் சன்னலிலிருந்து வாசுகி அவர்கள் தெரு முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

தீர்ப்பு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆலையின் சீருடையை ஆலை துவைக்கவில்லை. துவைக்காமல் ஆலை ஒருநாளும் ஓடியிருக்காது. ஆகவே அதைத் துவைத்தது ஆலையின் வேலை. துவைத்தவர்கள் ஆலையின் தொழிலாளிகள் என்று நீதிபதி வாசித்தார். அவர்கள் வீட்டுக்கு விஷத்தைச் சட்டையில் கொண்டுவந்த ஆண்களுக்கும் இந்த ரத்தமே சாட்சி, அதே நீதி என்று தொடர்ந்து வாசித்தார். தொழிலாளிகள் என்ற சொல் வந்தபோது பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கை தட்டவில்லை. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நிலைத்தது.

அதெல்லாம் முடிந்த பிறகு, ஒரு நாள் காலையில், கோமதி தானாகவே வாசுகியின் இயந்திரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். முன்பு துணைக்கு வந்த அந்த மருத்துவமனையின் ஓர் அறையில் அது இருந்தது. வேறு யாரும் இல்லை.

"இந்தக் கைல டயாலிசிஸுக்குக் குத்துவாங்க. நீ அந்தக் கைல குத்து" என்றாள்.

வாசுகி குத்தினாள். இத்தனை வருடம் எத்தனையோ பேருக்குக் குத்திய கை. இன்று நரம்பு கிடைக்க நேரமாயிற்று. ரத்தம் மணிகளுக்குள் இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாளில் முடியவில்லை, அடுத்தடுத்து வரவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கோமதி கண்ணை மூடிப் படுத்திருப்பாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாசுகி ஒவ்வொரு முறையும் வார்த்தையைக் கூட்டுவாள். எதற்கென்று கேட்பது? அன்று வரிசையில் நிறுத்தியதற்கா, பிறகு தடுக்காமல் விட்டதற்கா? இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடங்கவில்லை.

கடைசி நாளில் திரையில் 'முடிந்தது' என்று வந்தது.

"எல்லாம் வந்துருச்சா?" என்றாள் கோமதி.

"வந்துருச்சுக்கா. ஒண்ணுமில்ல இனி."

கோமதி எழுந்து உட்கார்ந்தாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கால்களால் செருப்பைத் துழாவினாள். வாசுகி குனிந்து செருப்பை நேராக எடுத்து வைத்தாள்.

"நாளைக்கு டயாலிசிஸ். காலைல மொத பஸ்ஸு" என்றாள் கோமதி. கொஞ்சம் பொறுத்து, தங்கையைப் பார்க்காமல் சொன்னாள்: "நாளைக்கு நீ வா."